‘ப்’ சொன்னால் நட்சத்திரம்

“ஜன்னா, வெளிய வாம்மா. ஒரே ஒரு தடவை ‘ப்’னு சொல்லிடு. அத்தா ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்.”

கட்டிலுக்கு அடியில் ஜன்னா இன்னும் உள்ளே தள்ளிப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அஃப்தாப் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கையால் செல்போனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தான். கேளம்பாக்கத்தில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறவன், நாள் முழுக்கக் கால் கடுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அவனுக்கு வாய்த்த ஓய்வு இது.

மகள் படிக்கும் யூ.கே.ஜி.யில் ஃபோனிக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். ஏ, பி, சி என்று எழுத்தின் பேரைச் சொல்லக்கூடாதாம். சத்தத்தைத்தான் சொல்ல வேண்டுமாம். பிள்ளை சொல்வதைத் தினமும் சாயங்காலம் பதிவுசெய்து, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். ஒழுங்காகப் போடாத பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு கிடையாது, மறுபடியும் யூ.கே.ஜி.தான் என்று ரேணுகா மிஸ் சொல்லிவிட்டார். ஃபீஸ் வாங்குவது அவர்கள், பாடம் நடத்துவது பெற்றவர்கள். இந்த அநியாயத்தை யார் கேட்பது?

குரூப்பில் மற்ற பிள்ளைகளின் ‘ப்’பெல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது. கூடவே மிஸ்ஸின் மெசேஜ்: “ஜன்னா இன்னும் அனுப்பவில்லை. பெற்றோருக்கு அக்கறை வேண்டும்.”

“பாத்தியா நஸ்ரின்? எல்லாரும் பாக்குற எடத்துல என் மானத்த வாங்குறாங்க. அக்கறை இல்லாமதான் இங்க தரையில படுத்துகினு கீறேனா?”

“அதுக்கு இன்னாத்துக்கு என்கிட்ட கத்துறீங்க? போய் மிஸ்கிட்ட கத்துங்க” என்றாள் அவன் மனைவி.

மிஸ்ஸிடம் கத்தவா? பிள்ளை அவர்கள் கையில் இருக்கிறதே! அஃப்தாப் விருட்டென்று எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் சுருக்கி, “ப்... ப்... பேட்!” என்று கீச்சுக் குரலில் சொல்லி அனுப்பிவிட்டான்.

உடனே பதில் வந்தது. “ஜன்னா, ‘ப்’போடு ‘அ’ ஒட்டுகிறது. உதட்டை மூடித் திற. மறுபடி சொல்.”

“எனக்கே கரெக்‌ஷனா! ஒண்ணும் ஒட்டாம மெய்யெழுத்த எவனால சொல்ல முடியும்? இந்தம்மாவ ஒரு தடவை சொல்லச் சொல்லு பாப்போம்!” என்று உள்ளேயிருந்து கத்தினான். கத்திவிட்டு உதட்டை மூடித் திறந்தான். மூன்று தடவை திருப்பி அனுப்பிய பிறகுதான் குரூப்பில் ஜன்னா பேருக்கு நேராக நட்சத்திரம் விழுந்தது. வெளியே வந்தபோது வேர்த்துக் கொட்டியது. ஜன்னா கட்டில்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

ஒரு நாளோடு முடிகிற விஷயமா இது? மறுநாள் ‘ஷ்’ வந்தது. இந்த முறை மட்டம் தட்டவிடக்கூடாது என்று, கடையில் ஒயர் கட்டுகளுக்கு நடுவே நின்று பழகினான். “ஷ்... ஷ்... ஷ்...”

எலெக்ட்ரீஷியன் பக்தவத்சலம் எட்டிப் பார்த்தார். “இன்னா பாய், ஷாக் அடிச்சிருச்சா?”

“அதெல்லாம் இல்லண்ணே. சாயங்காலம் ‘ஷிப்’ அனுப்பணும்.”

“எங்க அனுப்பணும்? நான் சிறுசேரி பக்கம்தான் போறேன். எட்த்துனு போவட்டா?”

பழகியது வீண்போகவில்லை. நட்சத்திரங்கள் குவிந்தன. குரூப்பில் மற்ற அம்மாக்கள், ‘ஜன்னாவுக்கு யார் சொல்லித் தருகிறீர்கள்?’ என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து மிஸ் கேட்டார்: “குரல் கட்டியிருக்கிறதே, ஜன்னாவுக்குச் சளியா?”

பயந்துபோய், “ஆமாம் மிஸ்” என்று போட்டுவிட்டான். மறுநாள் ஜன்னாவைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தி, சளி சரியானதும் அனுப்புங்கள் என்று திருப்பிவிட்டார்கள். தும்மல்கூடப் போடாத பிள்ளைக்கு வாரம் முழுக்க லீவு. லீவிலும் வாய்ஸ் மெசேஜுக்கு விலக்கு இல்லை. பாத்ரூமுக்குள் அஃப்தாப் பாடு தொடர்ந்தது.

அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. இந்த மாத வாசிப்பு நட்சத்திரம் ஜன்னா! சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அவள் மேடையேறி வாசித்துக் காட்டுவாள்.

“போச்சுடா!” என்றான் அஃப்தாப். அவசர அவசரமாக டைப் செய்தான். “தொண்டை இன்னும் சரியாகவில்லை மிஸ். மேடையில் பேச முடியாது.”

“பரவாயில்லை. ஜன்னா சும்மா நின்றால் போதும். அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறோம்.”

பாத்ரூமில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கீச்சிட்டதெல்லாம் ஸ்பீக்கரிலா? கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவன் கடைக்கு வருகிறவர்கள். ஸ்பீக்கர் கட்டப்போவதும் பக்தவத்சலம்தான். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“உண்மையச் சொல்லிடுங்க” என்றாள் நஸ்ரின்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னாலேயே போய்விட்டான். ஹாலில் ரேணுகா மிஸ் நாற்காலிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒத்தாசைக்கு வந்திருந்த அவர் கணவர் ராஜாராம், ஸ்டூலில் ஏறி மேடைக்குப் பின்னால் காகிதப் பூ ஒட்டிக்கொண்டிருந்தார்.

“மிஸ், அது ஜன்னா இல்ல. நான்தான்.”

“எது சார்?”

“‘ப்’பு, ‘ஷ்’ஷு, எல்லாமே.”

மிஸ் சிரித்தார். “விளையாடாதீங்க சார். பெரியவங்களுக்கு அவ்வளவு சுத்தமா வராது. பின்னாடி ‘அ’ ஒட்டிக்கும்.”

அஃப்தாப்புக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இதுவா மரியாதை? “எனக்கு ஒட்டாது மிஸ்!” என்றவன், அங்கேயே மூக்கைப் பிடித்துக்கொண்டான். “ப்... ப்... பேட்! ஷ்... ஷ்... ஷிப்!”

சுத்தமாக வந்தது. மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது.

“என்ன அக்கிரமம் சார் இது! வீட்டு வேலையெல்லாம் போட்டுட்டு, ஒவ்வொரு வாய்ஸையும் காது குடுத்துக் கேட்டு, திருத்தி, ஸ்டார் போடுறது நான். என்னையே ஏமாத்தியிருக்கீங்க! ஜன்னா ஒண்ணாங்கிளாஸ் போக முடியாது. அடுத்த வருஷமும் யூ.கே.ஜி.தான்!”

“புள்ள இன்னா மிஸ் தப்பு பண்ணிச்சு?” அஃப்தாப் கெஞ்சினான். “அது பயந்த புள்ள. போனை நீட்டுனாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்குது. அது கூட்டாளிங்க எல்லாம் மேல போய்ட்டா, இது மட்டும் தனியா உக்காந்துகினு அழும். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க மிஸ்!”

“பேசாதீங்க சார். பொய் சொல்றவங்களோட எனக்கு என்ன பேச்சு?”

ஸ்டூல் தடதடவென்று ஆடியது. ராஜாராம் பசைக் கையோடு இறங்கி ஓடி வந்து, அஃப்தாப்பின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ஜன்னா நீங்கதானா சார்? குரூப்புல நான்தான் ரேணுகா மிஸ்.”