முப்பத்திரண்டாவது மரணம்

பத்திரிகையில் சேர்கிறவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதத்தான் சேர்கிறார்கள். நான் சேர்ந்த முதல் எட்டு மாதங்களில் உயிரோடு இருந்த ஒருவரைப் பற்றிக்கூட ஒரு வரி எழுதியதில்லை.

மும்பையில் வெளிவந்த ஒரு சிறிய தமிழ் நாளிதழில் எனக்குக் கொடுக்கப்பட்டது அஞ்சலி விளம்பர மேசை. தாராவியிலிருந்தும் சீத்தா கேம்ப்பிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் ஆட்கள் படத்தோடு வருவார்கள். நான் எழுதிக்கொள்வேன். மேலே படம், கீழே பெயர், இடது பக்கம் பிறந்த தேதி, வலது பக்கம் இன்னொரு தேதி, அதற்கும் கீழே இரண்டு வரி. நாளொன்றுக்கு ஏழெட்டுப் பேர். என் கைக்கு வேறு வரிசையே மறந்துவிட்டிருந்தது. (வீட்டுக்கு மளிகைப் பட்டியல் எழுதினால்கூட மூலையில் ஒரு விளக்கு வரையத் தோன்றும்.)

நிருபராக வேண்டும் என்று ஆசிரியரிடம் மாதம் ஒருமுறை போய் நின்றேன். ஒன்பதாவது மாதம் அவர் ஒரு சீட்டைத் தள்ளினார்.

"இங்கிலாந்துலேர்ந்து ஒரு நாடக நடிகர் வந்திருக்கார். மாட்டுங்கா நாடகக்காரங்க பாராட்டுக் கூட்டம் வைக்கறாங்க. கூடவே இரு. வாழ்க்கை, தொழில், முழுசா ஒரு பக்கம். நல்லா வந்தா உன்னை நிருபர் ஆக்கறேன். வரலைன்னா மேசை எங்கேயும் ஓடிடாது."

அந்த மேசை ஓடாது என்பதுதான் என் பயமே.

நடிகரின் பெயர் ரூபர்ட் ஹார்விக். வயது எழுபத்து நான்கு. நாற்பது வருடம் மேடை, முப்பது வருடம் தொலைக்காட்சி. தென்மும்பையில் ஒரு தனிநபர் நாடகம் போட வந்திருந்தார். அவர் நடித்த துப்பறியும் தொடர்களை ஒரு காலத்தில் விடாமல் பார்த்தவர் மாட்டுங்கா நாடகக் குழுவின் செயலாளர் வைத்தி மாமா. ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சாயங்காலம் எங்களோடு காபி சாப்பிட வாருங்கள் என்று அவர் கடிதம் எழுத, ஹார்விக்கும் சரி என்றுவிட்டார்.

கூட்டத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டும். "பத்திரிகைக்காரி நீ இருக்கறச்சே நான் எதுக்கு அலையணும்?" என்று வைத்தி மாமா அதை என் தலையில் கட்டினார். எனக்குத் தெரிந்த ஒரே ஃப்ளெக்ஸ்காரர் தாராவி இசக்கிமுத்து அண்ணன். எங்கள் பத்திரிகையில் அஞ்சலி விளம்பரம் கொடுக்கும் குடும்பங்களை அதே விவரத்தோடு அவரிடம் அனுப்புவேன்; தெருமுனை பேனர் அவர் அடித்துக் கொடுப்பார்.

விவரங்களை ஒரு தாளில் எழுதி, படத்தோடு அனுப்பினேன். ஹார்விக்கின் ஏஜென்ட் தந்த படம் கறுப்பு வெள்ளை. ஆங்கில மேடை நடிகர்கள் வாய்ப்புக் கேட்டு அனுப்பும் படம் அப்படித்தான் இருக்குமாம். முகத்தில் பாதி நிழல், பார்வை எங்கோ மேலே. படத்தின் கீழே பெயர். இடது பக்கம் பிறந்த தேதி. வலது பக்கம் விழா நாள். கீழே, "நாற்பது ஆண்டுகள் மேடையை ஆண்ட கலைஞர். மாட்டுங்கா நாடக நண்பர்கள்."

அன்று மாலை செம்பூருக்கு ரயிலில் தொங்கிக்கொண்டு போகும்போது இசக்கிமுத்து அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, தாள் வந்துட்டு. எப்பவும் போலதான?"

"எப்பவும் போலதாண்ணே."

"சைஸு?"

"பெருசா போடுங்க. பெரிய ஆளு."

"அய்யோ பாவம். சரி, நா பாத்துக்கிடுதேன்."

அந்த "அய்யோ பாவம்" எதற்கு என்று ஒரு நிருபர் கேட்டிருப்பார். நான் ரயிலில் இடம் பிடிப்பதிலேயே குறியாக இருந்தேன்.

கூட்டத்தன்று ஹார்விக்கை ஹோட்டலிலிருந்து டாக்ஸியில் அழைத்துவரும் பொறுப்பும் எனக்குத்தான். உயரமானவர், மெலிந்தவர், கால்களை மடக்கிப் பின்சீட்டில் உட்காருவதற்குள் சிக்னல் இரண்டு முறை மாறியது. நான் நோட்டைத் திறந்து, தொலைக்காட்சியில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பாத்திரம் எது என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பிணம்" என்றார்.

எழுதிக்கொண்டேன்.

"துப்பறியும் தொடர்களில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒருவர் சாக வேண்டும். பணக்கார மாமா, ஓய்வுபெற்ற கர்னல், பாதிரியார். அது நான்தான். இதுவரை முப்பத்தொரு முறை செத்திருக்கிறேன். ஆறு விஷம், நான்கு கத்தி, இரண்டு முறை படகிலிருந்து தள்ளினார்கள். ஒருமுறை பியானோ விழுந்தது."

"கஷ்டமாக இருக்குமா?"

"சாவது சுலபம். சாகும்போது மூக்கு அரிக்கும், அதுதான் கஷ்டம். வேறொரு குறையும் உண்டு. ஒருவராவது எனக்காக அழுததில்லை. நான் விழுந்த அடுத்த நிமிடம் கேமரா இன்ஸ்பெக்டரிடம் போய்விடும். வீட்டில் எல்லோரும் உயிலைத் தேடுவார்கள்."

பக்கம் நிறைந்துவிட்டது, நான் நிருபர் ஆகிவிட்டேன் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். டாக்ஸி கிங்ஸ் சர்க்கிள் பாலத்தைத் தாண்டி மண்டபத் தெருவுக்குள் திரும்பியது.

வாசலில் பத்தடி உயரத்துக்கு ஹார்விக் நின்றார். கறுப்பு வெள்ளையில், சுற்றிலும் ஊதா நிற மேகங்களோடு. இரண்டு மூலைகளிலும் குத்துவிளக்கு எரிந்தது. தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி". பிறந்த தேதிக்கு மேல் "தோற்றம்". அன்றைய தேதிக்கு மேல் "மறைவு". கீழே, என் தாளில் இல்லாத ஒரு வரி, இசக்கிமுத்து அண்ணனின் சொந்தச் செலவில்: "மேடை இருக்கிறது, நீங்கள் எங்கே?"

மண்டபக் காவலாளி உத்தரப் பிரதேசத்துக்காரர். தமிழ் தெரியாது, ஆனால் பேனரின் அமைப்பு எந்த மொழியிலும் ஒன்றுதானே. மனிதர் தானாகவே சாமந்தி மாலை வாங்கிப் படத்துக்குப் போட்டு, அடியில் ஊதுபத்தியும் ஏற்றி வைத்திருந்தார். உள்ளே போகிறவர்கள் பேனர் முன்னால் ஒரு கணம் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள்.

ஹார்விக் டாக்ஸியை விட்டு இறங்கினார். காவலாளி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "ஹே ராம்" என்று கேட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

ஹார்விக்கின் கண்கள் கலங்கியிருந்தன. "லண்டனில் என் பெயரை இவ்வளவு பெரிதாக யாருமே போட்டதில்லை" என்றார். "அந்த மேல் வரி என்ன?"

"வரவேற்பு" என்றேன்.

"வலது பக்கத் தேதி?"

"இன்றைக்கு." (அன்று நான் சொன்ன ஒரே உண்மை.)

அவர் பேனருக்கு அடியில் நின்று, ஊதுபத்திப் புகைக்கு நடுவே, படம் எடுத்துக்கொண்டார். வைத்தி மாமா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"என்னடிம்மா பண்ணி வெச்சிருக்கே? நாலு பேர் என்கிட்ட துக்கம் விசாரிச்சுட்டா. எத்தனை மணிக்கு எடுக்கறான்னு சதாசிவம் கேக்கறார்!"

"உடனே கழட்டச் சொல்றேன் மாமா."

"எப்படிக் கழட்டறது? அவர் அதைத் தடவிண்டு நிக்கறாரே!"

இசக்கிமுத்து அண்ணனைப் போனில் பிடித்தேன்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? ஆள் உயிரோட இருக்காருண்ணே!"

எதிர்முனையில் அவர் தாளைத் தேடி எடுக்கும் சத்தம் கேட்டது.

"கறுப்பு வெள்ள போட்டோ. ரெண்டு தேதி. அனுப்புனது நீங்க. எப்பவும் போலதானான்னு வேற கேட்டேன். நா வேற என்னத்த நெனைக்க, தங்கச்சி? இதுவர நீங்க உயிரோட ஒருத்தர அனுப்பியிருக்கீயளா?"

போனை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

கூட்டம் தொடங்கியது. பேனரைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று வைத்தி மாமா ஒவ்வொரு வரிசையாகப் போய்ச் சொல்லியிருந்தார். ஆனால் வரவேற்புரை சதாசிவம் மாமாவுடையது. கணக்குத் தணிக்கைத் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். பிழையைப் பார்த்துவிட்டுக் குறிப்பிடாமல் போவது அவருக்கு உடல்ரீதியாகவே முடியாத காரியம். மைக்கைப் பிடித்து, நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: "வாசலில் இரங்கல் பேனர் வைத்து ஒருவரை வரவேற்பது எனக்கு இதுதான் முதல் தடவை."

மொழிபெயர்ப்பதற்காக மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஹார்விக் மெதுவாகத் திரும்பினார்.

"வரவேற்பு என்றீர்களே?"

மேடையில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலி மேசை, கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு தேதி, எப்பவும் போல. சொல்லச் சொல்ல என் ஒரு பக்கக் கட்டுரை காற்றில் போவது தெரிந்தது. ஆசிரியருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினால் போதும், மேசைகூட மிஞ்சாது.

அவர் சிரிக்கவில்லை. விரல்விட்டு எதையோ எண்ணினார்.

"அப்படியானால் இது முப்பத்திரண்டு" என்றார். "பேனர் முழுவதையும் படியுங்கள். உங்கள் மொழியில். எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படி."

பிறகு நாற்காலியில் சாய்ந்தார். தலை ஒரு பக்கம் சரிந்தது. வலது கை கைப்பிடியிலிருந்து நழுவி, காற்றில் இரண்டு முறை ஆடி, நின்றது. மார்பு ஏறி இறங்குவதுகூடத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு மாமி "ஐயையோ" என்று எழுந்தே விட்டாள்.

நான் நினைவிலிருந்தே படித்தேன். தோற்றம், மறைவு, நாற்பது ஆண்டுகள். "மேடை இருக்கிறது, நீங்கள் எங்கே" என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. (துக்கம் அல்ல, பயம். ஆனால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.) எழுந்து நின்ற மாமி மூக்கை உறிஞ்சினாள். பக்கத்து மாமி தொடர்ந்தாள். வைத்தி மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோருக்கும் தெரியும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று, தெரிந்தே அழுதார்கள்.

ஒரு நிமிடம் கழித்து ஹார்விக் ஒரு கண்ணைத் திறந்து, அழுகிறவர்களை வரிசையாக எண்ணினார்.

"ஏழு பேர்" என்றார் திருப்தியாக. பிறகு மூக்கைச் சொறிந்துகொண்டார்.

பேனரைச் சுருட்டி லண்டனுக்கு எடுத்துப்போனார். கட்டுரையை நடந்தது நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிருபர் ஆக்கினார், ஒரு கேள்வியோடு. அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரை, நான் எந்தப் பேட்டிக்குக் கிளம்பினாலும் தலையைத் தூக்காமல் கேட்பார்: "ஆள் இருக்காரா?"

அந்தக் கேள்வி எப்படியோ வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் யாருக்காவது பிறந்தநாள் கேக் சொன்னால், கேக்கின் மேல் என்ன எழுதச் சொன்னேன் என்று கணவர் கடைக்காரரிடம் தனியாகப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்கிறார்.

இது நடந்து பதினொரு வருடங்கள். ஒவ்வொரு வருடமும் பேனரின் வலது பக்கத் தேதியன்று லண்டனிலிருந்து எனக்கு ஒரு படம் வருகிறது. மாடிப்படிச் சுவரில் கண்ணீர் அஞ்சலி. அதன் அடியில், அன்றைய செய்தித்தாளைத் தேதி தெரியும்படி பிடித்துக்கொண்டு ஹார்விக். ஒரே வரி: "திருத்தம் வெளியிடவும்."

இந்த வருடம் படம் இரண்டு நாள் தாமதம். போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை போனில் மணி அடித்ததும், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் என் ஒன்பது வயது மகள், பல் தேய்த்தபடி குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஆசிரியரின் அதே கேள்வியை இந்தியில் கேட்டாள்.

"அம்மா, ஜிந்தா ஹை நா?"

படத்தைப் பெரிதாக்கி, செய்தித்தாளின் தேதியைச் சரிபார்த்தேன்.

"இருக்கார்" என்றேன்.