துருப்பிடித்த லைன்

ஐந்தரைக்கு ஜெவோன் எழுந்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். இரண்டு கோப்பை எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். வாசலில் இறங்கி, கொடியில் காய்ந்த சட்டை ஒன்றை உருவினான். முதுகில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு. அதையே மாட்டிக்கொண்டான். கோக்கோவை நின்றபடியே குடித்தான். பிறகு காருக்கு அடியில் போய்ப் படுத்தான்.

மாலை நாலு மணிக்கு மாதா கோவிலில் மனைவி ஷெர்னெலுக்கு ஒரு வருட நினைவுப் பூசை. அதற்குள் முடித்தாக வேண்டும்.

அவள் அவனிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவள் சொன்னதில் பாதிதான் அவன் காதில் விழுந்தது. “துருப்பிடிச்ச... லைனை... மாத்த...” அதோடு சரி.

காரின் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் லைன், அந்த எண்ணெய்க் குழாய், அப்போதே கசியத் தொடங்கியிருந்தது. மயாரோ என்ற அந்தக் கடலோர ஊரில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. கார் அவனைவிட வயதில் மூத்தது. ஒரு வருடமாக அது நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவனும்தான்.

ஜெவோன் இயற்பியல் வாத்தியார். மூடிய குழாயில் திரவத்தின் அழுத்தம் எப்படிப் பரவும் என்று கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவான். கரும்பலகையில் துரு கிடையாது.

முதல் நட்டிலேயே ஸ்பேனர் வழுக்கியது. ஆறு முனையும் மழுங்கி நட்டு உருண்டையானது. கவ்வும் பிளையரால் இறுக்கிப் பிடித்து முழு பலத்தோடு திருகினான். நட்டு சுழன்றது. கூடவே குழாயும் சுழன்று முறிந்தது.

ஒரு சாண் வெட்டி ஒட்டுப் போட்டால் போதும் என்று நினைத்தான். நல்ல இரும்பு தட்டுப்படும்வரை வெட்டிக்கொண்டே வந்தான். நல்ல இரும்பு தட்டுப்பட்ட இடம் என்ஜின்.

“உயிரோட இருக்கியா? இல்ல, ரெண்டு பேருக்கும் சேர்த்தே பூசை வைக்கச் சொல்லிடட்டுமா?”

ஓடெட். ஷெர்னெலின் அக்கா, பக்கத்து வீடு. நாலு மணிப் பூசைக்கு ஒன்பது மணிக்கே தொப்பி வைத்திருந்தாள். கையில் பொரித்த ரொட்டியும் உப்பு மீனும்.

“வெச்சுட்டுப் போக்கா.”

“இந்த டப்பாவை எதுக்குடா நோண்டுறே? கோவிலுக்கு வேன்ல போனா சாமி வேணாம்னுடுமா?”

“இன்னிக்கு முடிக்கணும்.”

“ஏன்?”

“முடிக்கணும்.”

ஓடெட் பல்லிடுக்கில் காற்றை நீளமாக இழுத்தாள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது. பிறகு அவன் முதுகைப் பார்த்தாள்.

“உன் சட்டை எல்லாத்துக்கும் ஏன்டா ஒரே டிசைன்? அன்னிக்கு அடக்கத்துலயும் இதே கோட்டோடதான் நின்னே.”

அவன் புதுக் குழாய்ச் சுருளை விரித்து நுனியைப் புனல்போல் மலர்த்தினான். பூ மாதிரி வந்தது. பொருத்தப் போனபோது நட்டு தரையில் கிடந்தது. மலர்ந்த நுனியில் நட்டு நுழையாது; மலர்த்தும் முன்பே அதைக் கோத்திருக்க வேண்டும். வெட்டினான். நட்டைக் கோத்தான். மறுபடி மலர்த்தினான். நட்டு இருந்தது, தலைகீழாக. மறுபடி வெட்டினான்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“வந்ததுலேர்ந்து அந்த ஒண்ணுமில்லையை ரெண்டு தடவை வெட்டிட்டே.”

ஒரு மணிக்குக் குழாய் பொருந்தியது. இனி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் பெடலை அழுத்த வேண்டும், ஒருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். முன்பெல்லாம் ஷெர்னெல் அழுத்துவாள். ஓடெட்டைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான்.

“லைன்ல துணி கிடக்கு. மழை வர்ற மாதிரி இருக்கு, எடுத்துட்டு வந்துடறேனே?”

“துணி கிடக்கட்டும். பெடல்ல காலை வை, அக்கா. அழுத்து.”

“அழுத்திட்டேன்.”

“பிடி.”

“எதை?”

“பெடலை. காலால.”

“பிடிச்சிருக்கேன்.”

“விடாதே...”

“விட்டுட்டேன்!”

பிரேக் எண்ணெய் அவன் கன்னத்தில் வழிந்தது. வெளியே போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே வந்தது.

“விடாதேன்னு சொன்னேன்!”

“‘விடு’ மாதிரிதானே ஆரம்பிச்சே? வாக்கியம் முடியறவரைக்கும் காத்திருக்க நான் என்ன உன் வகுப்புப் பிள்ளையா?”

“சரி. இனிமே அந்த வார்த்தையே வேணாம். நான் ‘ஆமென்’னு சொன்னா மட்டும் காலை எடு.”

“இது நல்லா இருக்கு.”

நன்றாகத்தான் இருந்தது. நாற்பது ஆமெனுக்குப் பிறகு பெடல் கல்லாக நின்றது. சக்கரங்களை மாட்டினான். ஜாக்கியை இறக்கினான். மணி மூன்று.

இனி சோதனை. வீடு மேட்டில் இருந்தது. வாசல் சரிந்து போய் ரோட்டில் முடியும். ரோட்டில் மணல் லாரிகள். அதைத் தாண்டினால் கடல். ஹேண்ட் பிரேக் அறுந்து இரண்டு வருடம். ஒரு கை தூரம் உருட்டி நிறுத்தினால் போதும் என்று கணக்குப் போட்டான்.

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன்.”

முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை எடுத்தான். கார் நின்றது. பிரேக் பிடித்தது. ஜெவோன் ஒரு வருடத்தில் முதல்முறையாக மூச்சை முழுதாக விட்டான்.

உள்ளே ஓடெட் கண்ணை மூடியிருந்தாள். “ஏசுவே, எங்களைக் காப்பாத்தும். இந்த முட்டாளை மன்னியும். ஆமென்.”

கால் தானாக எழுந்தது.

“அழுத்து! அழுத்து!”

அழுத்தினாள். பூசைக்குப் போட்ட குதிகால் செருப்போடு, உடம்பின் மொத்த எடையோடு. முன்சக்கரத்துக்குப் போகும் பழைய குழாய், அவன் தொடாத ஒன்று, டப்பென்று வெடித்தது. பெடல் தரையைத் தொட்டது.

கார் இறங்கியது.

“கியரைப் போடு!”

“எனக்கு எங்கடா ஓட்டத் தெரியும்?”

பின்பம்பரைப் பற்றிக் குதிகாலை மண்ணில் ஊன்றினான். இரண்டு அடி இழுபட்டான். பம்பர் கையோடு வந்துவிட்டது. அதுவும் துரு.

கீழே லாரியின் ஹாரன் கேட்டது.

“திருப்பு!”

“எந்தப் பக்கம்?”

“ஏதாவது பக்கம்!”

ஓடெட் இடது பக்கம் ஒடித்தாள். அங்கே இரண்டு இரும்புத் தூண்களும் மூன்று கம்பிகளும் ஒரு வாரத் துணியும் இருந்தன. முதல் கம்பி அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. மூன்றாவது முன்பம்பரில் மாட்டி இழுத்தது. தூண்கள் ஒன்றையொன்று வணங்குவதுபோல் சாய்ந்தன. ரோட்டுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. லாரி கடந்து போனது. டிரைவர் கையாட்டினான்.

கதவு திறந்தது. ஓடெட் இறங்கினாள். தொப்பிமேல் ஜெவோனின் சட்டை ஒன்று கிடந்தது.

அவன் பம்பரை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான்.

“அடிபட்டுதாக்கா?”

“இல்ல. உனக்கு?”

“முடிக்கலை.” அவன் பம்பரைக் கீழே போட்டான். “கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. துருப்பிடிச்ச லைனை மாத்தச் சொன்னா. அதைக்கூட நான் முடிக்கலை.”

ஓடெட் அவனைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். முன்பம்பரில் சுற்றிக் கிடந்த கொடிக் கம்பியைப் பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“நீ எங்கடா நின்னே அன்னிக்கு?”

“கால்மாட்டுல.”

“நான் தலைமாட்டுல நின்னேன். என் காதுலதான் சொன்னா. அடக்க அலைச்சல்ல மறந்துட்டேன். அடக்கம் முடிஞ்சப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்னு விட்டுட்டேன்.”

தொப்பியிலிருந்த சட்டையை எடுத்து உதறினாள். முதுகுப் பக்கத்தை அவன் முன்னால் விரித்துப் பிடித்தாள். பழுப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, தங்கையின் குரலில் சொன்னாள்:

“‘அக்கா, அந்தத் துருப்பிடிச்ச துணி லைனை இன்னிக்கே மாத்தச் சொல்லு. இல்லேன்னா முதுகுல கோட்டோட வந்து என் அடக்கத்துல நிப்பான்.’”