யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலமாக இல்லை, அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டுகிறவன். அதே கட்டடத்தின் நாலாவது மாடியில், சர்க்கரை நோயாளிகளின் கால் புண் சிலருக்கு மட்டும் ஏன் ஆறுவதில்லை என்று ஆராய்ச்சி செய்கிற பெண்ணின் தகப்பன். எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்ட என்று ஒரு திட்டம் போட்டு, வியாழக்கிழமைதோறும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிறீர்களே, அந்தப் பெண்தான்.

அவள் முன்பெல்லாம் தங்கமான பிள்ளை. துறையில் யார் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்பாள். விருந்தாளி வந்தால் வரவேற்க அவள், கூட்டம் நடந்தால் குறிப்பெழுத அவள், கல்லூரி விளம்பரப் புத்தகத்தின் அட்டையிலும் அவளே. அதில் கண்ணாடிக் குடுவையில் நீலத் தண்ணீரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். "உன் வேலை கால் புண்ணுதானேம்மா, இது என்ன நீலத் தண்ணி?" என்று கேட்டேன். "புண்ணு போட்டோவுல நல்லா இருக்காதாம்ப்பா. நம்ம மாதிரி ஆளுங்களும் இங்க இருக்காங்கன்னு காட்டணுமாம்" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அட்டையைக் கிழித்து லிப்டுக்குள் ஒட்டிவைத்தேன். இத்தனைக்கும் நடுவில் அவள் ஆராய்ச்சிக் கட்டுரை மட்டும் எழுதி முடிந்தபாடில்லை.

அப்போதுதான் தாங்கள் வந்தீர்கள். யார் என்ன வேலை சொன்னாலும் உடனே தலையாட்டாதே, "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல் என்று பாடம் நடத்தினீர்களாம். அம்மா, அது அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும் விண்ணப்பத்தை அவள் எழுதிக்கொண்டிருக்க, குளியலறையிலிருந்து என் மனைவி "அடுப்பை அணைடி" என்று கத்த, இவள் தலைநிமிராமல் "யோசிச்சு நாளைக்குச் சொல்றேம்மா" என்றாள். பாத்திரம் கரிக்கட்டை. என் அக்கா போன் பண்ணி, தன் பையனுக்கு வாராவாரம் கணக்குச் சொல்லித்தரக் கேட்டாள். அதற்கும் அதே பதில். அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். (இதற்கு மட்டும் தங்களுக்கு நன்றி.)

வீட்டோடு நின்றால் பரவாயில்லை. ஆண்டு விழாவுக்கு மறுபடியும் நீலத் தண்ணீர் தூக்கத் துறைத் தலைவர் கூப்பிட்டிருக்கிறார். இவள் மறுநாள் போய், "முடியாதுங்க சார், வெள்ளிக்கிழமை விண்ணப்பம் அனுப்பணும்" என்றிருக்கிறாள். அவளுடைய ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது. அந்த விண்ணப்பம் தேறினால் சொந்த ஆராய்ச்சி, நிரந்தர வேலை. தேறாவிட்டால் வீடு. துறைத் தலைவர் என் லிப்டில் ஏறி, "உங்க பொண்ணு ரொம்ப மாறிடுச்சுங்க" என்றார். உடனே "சின்னப் பொண்ணு சார், தெரியாம பேசிடுச்சு, மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டேன்.

அது அவள் காதுக்குப் போய்விட்டது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" என்று மட்டும் கேட்டாள். என்னத்தைச் சொல்றது? எங்க வீட்டுலேர்ந்து அந்த நாலாவது மாடிக்குப் படிக்கப் போன மொத ஆளு அவதான். முடியாதுன்னு ஒரு தடவை சொன்னா வாசலைக் காட்டிடுவாங்களோன்னு பயம்மா எனக்கு. அந்தப் பயம் அவ பொறக்கறதுக்கு முன்னாடியே என்கிட்ட இருக்கு. மாடிக்கு மாடி மத்தவங்க பார்சலையும் பிளாஸ்கையும் சுமக்கறது என் வேலையில்ல, ஆனா சுமக்கறேன். அவளையும் அப்படியே வளர்த்துட்டேன்.

ஆகவே, அவள் துறைத் தலைவரிடம் மன்னிப்புக் கேட்கும்படி தாங்கள் எடுத்துச் சொல்லி, அந்த "நாளைக்கு" பாடத்தையும் உடனே நிறுத்த வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும், தங்கள் பிள்ளைகளும், தங்களிடம் மாட்டிக்கொண்ட மற்றவர் பிள்ளைகளும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மாணவியின் தகப்பன்

பின்குறிப்பு: இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். துறைத் தலைவர் ஏறினார். வழக்கம்போல் காலி பிளாஸ்கை நீட்டி, "கேன்டீன்ல காபி வாங்கிட்டு வந்து மேல குடுத்துடுங்க" என்றார். "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன் சார்" என்று ஒரு குரல் கேட்டது. லிப்டில் வேறு யாரும் இல்லை. வாய் திறந்ததுதான் திறந்தது என்று, "அன்னிக்குக் கேட்ட மன்னிப்பையும் திருப்பி எடுத்துக்கறேன் சார், எம் பொண்ணு தப்பா எதுவும் சொல்லல" என்றும் சொல்லிவிட்டேன். அவர் நாலாவது மாடி வரை பிளாஸ்கைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். மகள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் படிக்க வேண்டாம். பாடத்தையும் நிறுத்த வேண்டாம். லிப்டில் நடந்ததை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. யோசித்து, நாளைக்குச் சொல்கிறேன்.