எண்ணெய்ச் சித்திரமும் என் வாயும்

தெரியாமல் பேசுகிறவனை மன்னித்துவிடலாம். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பேசுகிறவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் நான் இரண்டாவது ரகம். நினைத்தால் இன்றைக்கும் அந்தப் பயல்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு வருஷம். விஜயதசமி நல்ல நாள் என்று திருவனந்தபுரம் வலியசாலையில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். (ஏற்கெனவே இரண்டு இடம் என் வாயால் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா நீ பிரம்மச்சாரிதான்" என்று வழியெல்லாம் அப்பா கடித்துக்கொண்டே வந்தார்.)

கூடத்துச் சுவரில் சாமி படங்களோடு ஓர் இளம்பெண்ணின் எண்ணெய்ச் சித்திரம். கையில் ஏற்றாத விளக்கு, பின்னால் சாத்திய ஜன்னல். சட்டத்தில் பூச்சரம், கண்ணாடியில் சந்தனப் பொட்டு. காலமானவர்கள் படத்துக்குத்தானே அப்படி வைப்பார்கள்? லைப்ரரியில் ஓவியம் பற்றி ஒன்றரைப் புத்தகம் படித்திருந்த எனக்கு நாக்கு அரித்தது.

"ஏத்தாத விளக்கு அல்பாயுசுக்கு அடையாளம்" என்றேன். "சாத்தின ஜன்னல், முடிஞ்சுபோன வாழ்க்கை. கண்ணைப் பாருங்கோ, மரணத்தோட சாயை! பாவம், எத்தனை வயசுல போனா?"

பெண்ணின் அப்பா, "ஐயோ, கஷ்டம்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பெண்ணின் அம்மா கொண்டுவந்த காபித் தட்டை ணங்கென்று கீழே வைத்தார்.

"நான் எங்கேயும் போகலை, இதோ நிக்கறேன்! மரணமாவது மண்ணாங்கட்டியாவது, அது கோபம்! அடுப்புல பால் பொங்கறது, அசையாதேன்னு நாலு நாள் நிக்கவச்சான் அந்தப் படக்காரன். எண்ணெய் புடவையில சிந்தும்னு விளக்கை ஏத்தலை. தெருவே எட்டிப் பார்த்தது, ஜன்னலைச் சாத்தினேன். சுமங்கலியைக் கொன்னுட்டுக் காபி வேறயா? எழுந்திருங்கோ!"

என் அப்பா எழுந்தேவிட்டார். எனக்கு அழுகை முட்டியது.

அப்போது பெண் விறுவிறுவென்று வெளியே வந்தாள். "பொட்டும் பூவும் வச்சது நான்தாம்மா. நேத்து சரஸ்வதி பூஜைக்கு வரிசையா எல்லாப் படத்துக்கும் வச்சப்போ இதுக்கும் வச்சுட்டேன். என்னைத் திட்டு." பிறகு என் பக்கம் திரும்பினாள். (சுத்தமான கோபம். அதற்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை.) "நீங்களுந்தான்! தெரியலைன்னா கேக்கப்படாதா?"

வாழ்க்கையில் முதல்தடவையாக வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினேன். அதைப் பார்த்துத்தான் சம்மதித்தாளாம். அவள் பிடிவாதத்தில் தை மாசம் கல்யாணம் நடந்தது.

மாமியார் எண்பத்தெட்டு வயதுவரை இருந்தார், என்னை மன்னிக்காமலே. ஒவ்வொரு பிறந்த நாளன்றும் பேரன் பேத்திகளைக் கூட்டிவைத்துக்கொண்டு, முகத்தை என் முன்னால் நீட்டுவார்.

"நன்னா பார்த்துச் சொல்லுங்கோ மாப்பிள்ளை. இந்த வருஷமாவது போவேனா?"