எழுத்து ஞானியும் எம்.எஸ். குழாயும்

எழுத்து ஞானியின் வாசலில் ஜனம் வழிந்தது. ரிப்போர்ட்டோ ரசீதோ, அதில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து இருந்தால் போதும், தலைவிதியையே படித்துவிடுவார். டாக்டர் எழுதுவாராம், இவர் விளக்குவாராம்.

வெல்டரும் அங்கே போனவர்தான். மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'எம்.எஸ்.' என்றிருந்தது. இதய வால்வு சுருங்கியிருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஞானியோ கண்ணை மூடி, "மரண சாசனம். கத்தி பட்டா உயிர் தங்காது" என்றார். பரிகாரம் முடியும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாதாம். நெருப்போடு புழங்கும் மனுஷன், இரண்டு எழுத்துக்கு நடுங்கி ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார்.

மனைவிக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஒருநாள் கணவரைக் கேட்டாள்:

"ஏங்க, உள்ள போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஏதும் சொன்னீங்களா?"

ஞானி வீட்டு முன்னறையில் ஒரு பெண்மணி இருந்தாள். மனபாரத்தை இறக்கி வைக்கச் சொல்லிக் கனிவாகக் கேட்பாள். வெல்டரும் ஒன்று விடாமல் இறக்கியிருந்தார்.

"அப்ப அந்தாளு புதுசா என்னத்தச் சொன்னாரு?"



மறுநாள் மனைவி அவருடைய பட்டறைக்கு வந்து, ஓர் இரும்புக் குழாயில் ஒட்டியிருந்த சீட்டை உரித்தாள். சாதா இரும்புக்கும் 'எம்.எஸ்.' என்றுதான் போடுவார்கள். அந்த எழுத்துகளை மட்டும் கத்தரித்துக்கொண்டு, கணவரோடு கிளம்பினாள். அவரை வரிசையிலேயே நிறுத்திவிட்டு, மகளுக்கு வெளிநாட்டுப் படிப்பு கிடைக்குமா என்று கேட்க வந்ததாக முன்னறையில் சொன்னாள்.

ஞானி கூட்டத்துக்கு முன்னால் சீட்டை நெற்றியில் ஒற்றினார்.

"மகா சிகரம். பொண்ணு விமானம் ஏறிட்டான்னு வச்சுக்கம்மா."

"எனக்குப் பொண்ணே கெடயாதுங்க. இது குழாயில ஒட்டியிருந்த சீட்டு. போன வாரம் இதே எழுத்துக்கு, மரண சாசனம்னு அதோ வரிசையில நிக்கிற என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்க."

எல்லோரும் வெல்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் தன் மடத்தனமும் சந்தி சிரிக்கும். திறந்தார்.

"ஆமா, சொன்னாரு. நம்பி இவ ஆபரேஷனையே நிறுத்திட்டேன்."

எழுத்து ஆளுக்குத் தக்கபடி பேசும் என்று ஞானி சமாளித்தார்.

"எழுத்து எங்கய்யா பேசுச்சு?" என்றாள் அவள். "வெளிய நாங்க பேசினதத்தான் நீங்க திருப்பிப் பேசுறீங்க."

கூட்டம் முன்னறைக்கு ஓடியது. கனிவான பெண்மணி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போயிருந்தாள். வெல்டர் மனைவியைக் கைத்தாங்கலாக நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

எழுத்துக்கு அர்த்தம் புரியவில்லையா? எழுதியவரைக் கேளுங்கள். ஒன்றும் தெரியாதவனுக்கு எல்லாவற்றையும் நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டு, 'எப்படிப் புட்டுப் புட்டு வைக்கிறார்' என்று வாயைப் பிளக்காதீர்கள். மூளை இருக்கிறதா என்று பார்க்கவும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்ன?