வள்ளத்தில் விட்டுப்போன மூன்று பர்லாங்கு

உலகத்தில் எந்தத் தண்ணீருக்கும் தன் இடது தோளைக் காட்டாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் நாகர்கோவிலில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். குளம், கால்வாய், அணை, மழை பெய்து ரோட்டில் தேங்கிய குட்டை, எதுவானாலும் அது தனக்கு வலது பக்கம் வரும்படிதான் சைக்கிளை விடுவார், கோயிலை வலம் வருவதுபோல. அதனால் அவர் வலம் அண்ணாச்சி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. ஓய்வு பெற்ற மறுநாளே சைக்கிள் வாங்கினார். மாவட்டத்தில் மலையை ஒட்டியிருக்கும் அணைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருவதென்று தீர்மானம். அதற்கு இரண்டு சட்டங்கள். தண்ணீர் வலது பக்கம் இருக்க வேண்டும். போன வழியே திரும்பக் கூடாது. இரண்டாவது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"முப்பது வருசமா போன வழியே திரும்பி வந்த வண்டிக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. இனி நானும் அப்பிடியே வரணுமாவே?" என்றார்.

நான் சேர்ந்தது சர்க்கரை வியாதியால். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் விட்டால் மாத்திரை குறையும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். தொடக்கத்தில் நாங்கள் ஐந்து பேர். எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் அண்ணாச்சிக்கு இடது பக்கம். தப்பித்தவறி வலது பக்கம் போய்விட்டால் தண்ணீரை மறைக்கிறேன் என்று சண்டைக்கு வருவார். டீக்கடையில்கூடத் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் பெஞ்சில் உட்காருவார்.

மழைக்காலத்தில் அவரோடு போவது தனி அனுபவம். ரோட்டின் இடது ஓரத்தில் குட்டை கிடந்தால், அதை வலது பக்கம் விடுவதற்கு இன்னும் இடது பக்கம் ஒதுங்கியாக வேண்டும் அல்லவா? மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒருமுறை அப்படி ஒதுங்கி, ஒதுங்கி, ஒரு பேக்கரிக்குள் நுழைந்துவிட்டார். கடைக்காரர் அசரவில்லை, என்ன வேணும் என்று கேட்டார். அண்ணாச்சி சீட்டிலிருந்து இறங்காமலே இரண்டு பழம்பொரி வாங்கிக்கொண்டு அடுத்த வாசல் வழியாக வெளியே வந்தார். ஒன்றை எனக்குத் தந்தார். சூடாகத்தான் இருந்தது.

சிற்றாறு அணைதான் எங்கள் கூட்டத்தைக் கலைத்தது. தண்ணீரை ஒட்டியே முழுச்சுற்று ரோடு அங்கே இல்லை. அதனால் என்ன, அணை உள்ளே அடங்கினால் போதும், வட்டம் எவ்வளவு பெரிதானாலும் சுற்று சுற்றுதான் என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். சவுட்டினோம். எங்கள் பக்கம் சைக்கிளை மிதிப்பதில்லை, சவுட்டுவோம். ரப்பர் தோட்டம், ஒரு மேடு, மறுபடி ரப்பர் தோட்டம், அதைவிடப் பெரிய மேடு. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது ஒரு சாப்பாட்டுக்கடை தெரிந்தது. புட்டும் கடலையும் வந்த பிறகுதான் பலகையைப் பார்த்தேன். மலையாளத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, இது கேரளால்லா?"

"அணை நமக்கு வலது பக்கம்தான இருக்கு? பேசாம புட்டைத் தின்னும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் கல்யாண வீடு வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர்களுக்குக் கல்யாண வீடுதான். நான் மட்டும் மிஞ்சினேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெருஞ்சாணி அணையில் காலை வெயில் ஏறுமுன் தண்ணீரும் மலையும் ஒரே நீலத்தில் கிடக்கும். அந்த நேரம் அண்ணாச்சி பேசமாட்டார். அவர் பேசாமல் இருப்பதைப் பார்க்க வேறு இடம் கிடையாது. எனக்கு அந்த அரைமணி நேரம் அவ்வளவு பிடிக்கும்.

எல்லாம் முடிந்து பேச்சிப்பாறை ஒன்று மட்டும் பாக்கி. திருவிதாங்கூர் ராஜா காலத்தில் கட்டிய அணை. பின்னால் முழுக்க மலையும் காடும். பெரிய வட்டமாகப் போகலாம் என்றால் திருவனந்தபுரம் போய், செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி வழியாக ஆரல்வாய்மொழி தாண்டித் திரும்ப வேண்டும். அண்ணாச்சி அதையும் ஒரு தாளில் போட்டு, ஐந்து நாள் ஆகும் என்று மைனியிடம் நீட்டினார். அவர் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். மைனி தாளை வாங்கி, அதில் முருங்கைக்கீரை ஆய்ந்து போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சியின் வலது மூட்டு மக்கர் பண்ணியது. மூட்டை மாற்ற வேண்டும், அதற்குப் பிறகு மேட்டில் சைக்கிள் விட முடியுமா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய ஞாயிறு ஒன்று கையில் இருந்தது. பேச்சிப்பாறைச் சுற்றை முடிக்காமல் படுக்கையில் போய்ப் படுக்க மாட்டேன் என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார், அதுவும் நல்ல காலில்.

வழி ஒன்று இருந்தது. அணையிலிருந்து ஒரு கரையோரம் ரோட்டில் போய், கீழே இறங்கினால் வள்ளத்துறை. மலைக் குடியிருப்புக்காரர்கள் வள்ளம் என்ற அந்தச் சின்னப் படகில்தான் அக்கரைக்குப் போய் வருவார்கள். அக்கரையிலிருந்து அணைக்கு மண்பாதை. வனத்துறையில் கேட்டு, வள்ளத்துக்கும் சொல்லிவைத்துவிட்டுக் கிளம்பினோம். தண்ணீருக்குள் நின்ற பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்திருந்தன. அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மேடும் ஏறினார். இறங்கித் தள்ளுவோம் என்று நான் சொன்னது காதிலேயே விழவில்லை.

வள்ளம் விட்டது ஒரு நடுவயதுப் பெண். இரண்டு சைக்கிளையும் ஏற்றினோம். கரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்ததும் அண்ணாச்சி தன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மேலே ஏறி உட்கார்ந்து, சவுட்ட ஆரம்பித்தார். பின்சக்கரம் காற்றில் விர்ரென்று சுற்றியது. வள்ளம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. எனக்கு நீச்சல் தெரியாது. இதில் அவருக்கு வேறொரு கவலை, இரண்டு பக்கமும் தண்ணீர். இடது பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் துடுப்பை மடியில் வைத்துவிட்டாள்.

"சுத்து முழுக்க சவுட்டணும் அம்மா. இல்லேன்னா சேராது," என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணு நீங்க சவுட்டுங்க, இல்லேன்னா நான் துழையுதேன். ரெண்டும் ஒரு வள்ளத்துல நடக்காது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அண்ணாச்சி இறங்கி உட்கார்ந்தார். அவள் துடுப்பை எடுத்து எங்களை அக்கரை சேர்த்தாள்.

மண்பாதையை முழுக்கச் சவுட்டி அணைக்கு வந்து சேர்ந்தோம். கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிட்டு நின்றவரிடம், சுற்று முடிந்ததே என்று கை நீட்டினேன்.

"எங்கவே முடிஞ்சுது? வள்ளத்துல மூணு பர்லாங்கு போச்சே."

"அதை யாரு அண்ணாச்சி பாக்கப் போறா?"

"நடுவுல நாலு ஸ்டாப்ப விட்டுட்டு வந்தவன் டிரிப் முடிச்சேன்னு நின்னா, நான் கையெழுத்துப் போட்டிருப்பேனாவே?"

நான் நீட்டிய கை அப்படியே நின்றது. கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சில வாரம் கழித்து மைனி போன் செய்தார்கள். "டாக்டரு சொன்ன பயிற்சி எல்லாத்தையும் செய்யாரு. அந்த நிக்கிற சைக்கிள்ல மட்டும் ஏற மாட்டேங்காரு. அது சவுட்டாம கால் மடங்காதாம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

போனேன். பிசியோதெரபி அறையில் சைக்கிள் ஓரமாக நிற்க, அண்ணாச்சி நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயிற்சி கொடுக்கும் பெண்ணும் மைனியும் ஓய்ந்துபோயிருந்தார்கள். எங்கேயும் போகாத சைக்கிளில் எதற்கு ஏற வேண்டும் என்பது அவர் கேள்வி. அவருக்குப் பயம் என்று எனக்குத் தெரிந்தது. ஏறி, கால் சுற்றாமல் போய்விட்டால்?

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, வள்ளத்துல நீரு ஏறின சைக்கிளும் ஸ்டாண்டுலதான நின்னுது? இதுவும் அப்பிடித்தான நிக்கி. அந்த மூணு பர்லாங்க இதுல சவுட்டிரும். டிரிப் முடிஞ்சுரும்லா."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். டைம் கீப்பர் மூளைக்குள் ஏதோ ஏடு புரண்டது. சட்டத்தில் இடமிருந்தது போலும். கைத்தடியை மைனியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

பெடலில் கால் வைத்து அரைச்சுற்று போனவர் நின்றுவிட்டார். வலிக்குதா என்று அந்தப் பெண் ஓடிவந்தாள். இல்லை என்று தலையாட்டினார். ஆனால் சவுட்டவும் இல்லை, சங்கடமாக நெளிந்தார். நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். அவருக்கு இடது பக்கம், ஸ்டூல்மேல், பெரிய தண்ணீர் கேன் இருந்தது.

எழுந்து போய் ஸ்டூலை வலது பக்கம் இழுத்துப் போட்டு, கேனைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். கனம் கொஞ்சநஞ்சமில்லை. மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பெடல் சுற்ற ஆரம்பித்தது, மெதுவாக, பிறகு முழுச்சுற்றாக. மூன்று பர்லாங்கு முடியும்வரை நான் என் இடத்தில், அவருக்கு இடது பக்கம், போய் நின்றுகொண்டேன்.