துரை விட்டுப்போன இரண்டு தலைகள்

தலை ஒன்று வாங்கியே தீருவது என்று தீர்மானித்தேன். இருக்கிற தலைக்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்க வேண்டாம். அதைக் கேட்பதற்கென்றே என் வீட்டில் செல்லபாய் இருக்கிறாள்.

நான் சொல்வது காமிரா ஸ்டாண்டின் தலை. மூன்று காலுக்கு மேலே, காமிராவுக்குக் கீழே இருக்கிற சாமான். வடசேரியில் 'ஏசுஅடிமை, போட்டோகிராபர்' என்று போர்டு தொங்குகிறதே, அந்த ஏசுஅடிமை நான்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். திருவனந்தபுரத்துப் படக்காரர் ஒருவருக்குப் பெட்டி சுமந்து, அறை வாங்கி வாங்கி இருட்டறை வேலை படித்தவன். யாரும் எனக்கு எதையும் சும்மா தரவில்லை. நானும் யாரிடமும் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. சந்தையில் நான் ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்தால், கடைக்காரி மற்ற கத்தரிக்காயை எல்லாம் கூடையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவாள்.

என் பேரத்துக்கு ஒரு வழி உண்டு. எது வேண்டுமோ அதைத் திட்டுவேன். எது வேண்டாமோ அதைப் புகழுவேன். கடைக்காரன் குழம்புவான். குழம்பினவனிடம் விலை தங்காது. கோபம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கூடுதல். அது தொழிலுக்கு நல்லது.

மராமத்து இலாகாவின் பெரிய எஞ்சினியர் ஒரு வார்த்தை விட்டிருந்தார். பேச்சிப்பாறை அணையை மலைமேலிருந்து படம் பிடித்துக் காட்ட வேண்டும். யார் படம் அவர் மனசுக்குப் பிடிக்கிறதோ அவருக்கே இலாகாவின் படவேலை முழுவதும். கால்வாய், மதகு, பாலம் என்று வருஷம் முழுக்கச் சோறு. இந்தச் செய்தி எனக்கு வந்த அன்றே தங்கையனுக்கும் போய்விட்டது. தங்கையன் எங்கள் சபைக்காரன், ஊரில் இன்னொரு படக்காரன். அப்பன் சொத்தில் காமிரா வாங்கினவன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு ஆகாது.

என் ஸ்டாண்டின் தலை தேக்குப் பலகை, இரும்புப் பட்டை, ஆட்டுக்கல் கனம். மலைக்கு அதைச் சுமந்தால் நான் தலைகுப்புற விழுவேனே தவிர, காமிரா தலைகுனியாது. கீழே பார்க்க வேண்டுமானால் பின்னங்காலுக்குக் கல் வைக்கணும். கல் உருண்டால் காமிரா அணைக்குள்.

செல்லபாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மீன் அரிந்தாள்.

"பேச்சிப்பாறைக்கு என்னையும் கூட்டிட்டுப் போவியளா?"

"ஏட்டி, ஸ்டாண்டுக்கே வண்டியில எடம் இல்ல. உன்னை எங்க வைக்க?"

"போன வருஷமும் இதைத்தான் சொன்னிய."

"போன வருஷமும் இதே ஸ்டாண்டுதான."

"ஊருல உள்ள கிழவன் கிழவி எல்லாம் உங்க படத்துல சிரிக்காவ. ஆட்டைக்கூடப் படம் பிடிச்சிய. எனக்கு ஒரு படம் உண்டா?"

"ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடி பிளேட்டு வேணும். பிளேட்டு என்ன புளியமரத்துலயா காய்க்குது? வீட்டுல இருக்க ஆளை எதுக்காக்கும் படம் பிடிக்க? தெனம் பாத்துட்டுதான இருக்கேன்."

"பாக்கியளா?" என்றாள். மீன் தலை ஒன்று தனியாகத் தெறித்து என் காலருகே விழுந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அப்போதுதான் ஆண்டவர் வழி திறந்தார். சீமைக்குத் திரும்பிப்போன மிஷனரி துரை, தன் படச்சாமான்களில் இரண்டு ஸ்டாண்டுத் தலைகளை எங்கள் ஆலயத்துக்கு விட்டுப் போயிருந்தார். அவை அறுப்பின் பண்டிகையில், விளைச்சல் காணிக்கைகளோடு ஏலத்துக்கு வருவதாகக் கேள்வி. ஏலச் சாமான்களைத் துடைத்து வைக்கிறேன் என்ற சாக்கில் முதல் ஆளாக உள்ளே நுழைந்தேன்.

இரண்டும் குண்டுத் தலை. ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உருண்டை, பக்கத்தில் ஒரே ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் காமிரா எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலையாட்டும், இறுக்கினால் அசையாது. புருஷன்மாரை நினைத்துச் செய்த சாமான் போலிருக்கிறது.

ஒன்று பெரிது. முழுப் பித்தளை. குத்துவிளக்குப் போல மினுங்கும். மற்றது கொய்யாக்காய் அளவு, கறுப்பு, பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் தலை வாங்குகிறவன் மினுக்கம் பார்க்கக் கூடாது. திருகை முறுக்கி, உருண்டைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற ஆணியைப் பெருவிரலால் கீழே அமுக்கிப் பார்க்கணும். பார்த்தேன். பெரியது பைய வழுக்கிச் சாய்ந்தது. துரையின் கை பட்டுப் பட்டு உருண்டை தேய்ந்துவிட்டது. சின்னது அசையவில்லை. இன்னும் அமுக்கினேன். என் விரல்தான் வளைந்தது. கனமோ, சட்டைப்பையில் போட்டால் மறந்துவிடலாம்.

எனக்கு வேண்டிய தலை இதுதான். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

ஆலய ஏலம் சந்தை மாதிரி அல்ல. அங்கே விலையைக் குறைக்க ஆள் கிடையாது. ஆண்டவருக்குப் போகிற காசு என்று ஏற்றிக்கொண்டேதான் போவார்கள். இன்னாருக்கு இன்ன சாமானில் ஆசை என்று தெரிந்துவிட்டால் தொலைந்தது. சேர்ந்து ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். போன வருஷம் ஒரு ஏத்தன் வாழைக்குலைக்கு ஒருவர் கொடுத்த விலையில் தோட்டத்தையே வாங்கியிருக்கலாம்.

ஆகவே என் வழியையே பிடித்தேன். தங்கையன் வந்து நின்று, "ஓய், இது என்ன சாமானம்?" என்றபோது பெரியதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக் காட்டினேன்.

"தங்கம் வேய், தங்கம்! இது இருந்தா மலையில இல்ல, ஆகாசத்துல நின்னு படம் பிடிக்கலாம்."

"அந்தக் கறுப்பு?"

"அதுவா? துரை வீட்டுக் கட்டில்கால் குமிழு. தெரியாம இதுல சேந்துட்டு."

நாலு பேர் கேட்க உரக்கச் சொன்னேன். திட்டம் இதுதான்: பெரியதுக்கு நான் ஆசைப்படுவதாக எல்லோரும் நினைப்பார்கள். நானும் கொஞ்சம் ஏற்றுவேன். தங்கையன் வீம்புக்கு மேலே போவான். நான் கைவிடுவேன். தேய்ந்த பித்தளைக் கனத்தைச் சுமந்துகொண்டு அவன் மலை ஏறுவான். கறுப்புக் குமிழ் கேட்பாரில்லாமல் என் சட்டைப்பைக்குள் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து செல்லபாயிடமும் அதையே சொன்னேன். யுத்தத்தில் இறங்குகிறவன் வீட்டிலும் உண்மை பேசக் கூடாது.

"பெருசு தங்கமா?" என்றாள்.

"தங்கம்."

"சின்னது?"

"த்தூ! கண்கொண்டு பாக்க முடியாது. கறுப்பு, கோணல். அதைச் செஞ்சவன் கையை ஒடிக்கணும்."

செல்லபாய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பண்டிகை நாளில் ஆலயத்துக்கு வெளியே பந்தல். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். சேவல் கூவுகிறது, பலாப்பழம் மணக்கிறது. ஏலம் விடுகிறவர் உபதேசியார் முத்துநாயகம். பிரசங்கத்தில் தூங்க வைக்கிற மனுஷன், ஏலத்தில் செத்தவனை எழுப்பிவிடுவார்.

பெரிய தலை வந்தது. "நம்ம ஏசுஅடிமை இதைத் தங்கம்னு சொன்னாரு. அவரே தொடங்கி வைக்கட்டும்!"

நான் தொடங்கினேன். தங்கையன் ஏற்றினான். நான் ஏற்றினேன். அவன் ஏற்றினான். எல்லாம் திட்டப்படி. இதோ விடப்போகிறேன் என்று வாயை மூடினேன்.

"ஒருதரம்... ரெண்டுதரம்..."

தங்கையன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். "என்ன ஓய், பேரப்புலிக்குப் பல்லு விழுந்துட்டா?"

பந்தல் முழுதும் சிரித்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நான் துண்டை உதறி எழுந்து நின்றதும், ஒரு தொகையை முழங்கினதும், கோழிகள் எல்லாம் ஒரு நிமிஷம் மௌனமானதும் உண்மை. தங்கையன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

"மூணுதரம்! ஏசுஅடிமைக்கு! அல்லேலூயா!"

பித்தளைக் கனம் என் மடியில் வந்து உட்கார்ந்தது.

போகட்டும், குமிழ் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உபதேசியார் கறுப்புத் தலையை இரண்டு விரலால் எலியைப் பிடிப்பது போலத் தூக்கினார்.

"இது கட்டில்கால் குமிழ். ஏசுஅடிமையே சொல்லியாச்சு. சும்மா கொண்டு போவ ஆளுண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஒரு கோழிமுட்டை!"

செல்லபாய்! கையில் நிஜமாகவே ஒரு முட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். நான் ஏற்றினால் குட்டு வெளிப்படும், அவன் விழித்துக்கொள்வான். ஏற்றவில்லை. "மூணுதரம்!" குமிழ் அவள் முந்தானைக்குள் போனது. எனக்குக் குதிக்கத் தோன்றியது. பெண்டாட்டி வாங்கினால் என்ன, நான் வாங்கினால் என்ன? சாமான் வீட்டுக்குத்தானே வருகிறது! ஒரு முட்டைக்குச் சீமைத் தலை வாங்கின வீடு வேறு உண்டா?

வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினேன். "கொண்டா பாப்போம்."

"என்னத்தை?"

"அந்தத் தலையை."

"அது கட்டில்கால் குமிழுல்லா?"

"ஏட்டி, வெளையாடாத."

"உங்களுக்குத் தங்கத்துல ஒண்ணு இருக்கே. அதைக் கொண்டு போங்க ஆகாசத்துக்கு."

"உனக்கு அது எதுக்குட்டி?"

"எனக்கு எதுக்குன்னு நான் இன்னும் தீர்மானிக்கல."

"அது நல்ல தலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைப் பெண்ணு பாக்க வந்த அன்னு எங்க அப்பாகிட்ட என்ன சொன்னிய? பெண்ணு கறுப்பு, பல்லு எடுப்பு, நடை கோணல்னு சொல்லிட்டு வாசலைவிட்டு நகராம நின்னியளே. நீங்க எதைக் கிடந்து திட்டுதியளோ, அதுமேலதான் உங்களுக்குக் கண்ணு. பித்தளையை நீங்க புகழ்ந்தப்பவே அது ஓட்டைன்னு எனக்குத் தெரியும்."

நான் கத்தினேன். அவள் கஞ்சி ஊற்றினாள். நான் ஸ்டாண்டை முற்றத்தில் நிறுத்தி, வீம்புக்குப் பித்தளைத் தலையை மாட்டி, காமிராவை அதன்மேல் வைத்து இறுக்கினேன். காமிரா பைய, பிரசங்கம் கேட்கிற மூப்பரைப் போல, தலை கவிழ்ந்து தூங்கியது. மறுபடி நிமிர்த்தினேன். மறுபடி தூங்கியது.

"சொல்லு, உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

"நான் பேச்சிப்பாறைக்கு வருவேன். தலையை நானே முந்தானையில முடிஞ்சு கொண்டு வருவேன். மொத பிளேட்டு எனக்கு."

"பிளேட்டு..."

"மொத பிளேட்டு."

ஒரு பிளேட்டுக்கு ஒரு தலை. பேரமாகப் பார்த்தால் மோசமில்லை. கொஞ்சம் முறைத்துவிட்டுச் சம்மதித்தேன்.

போனோம். மலையில் பாதி வழியில், அணைச் சுவர் முழுதும் தெரிகிற ஒரு பாறை. சின்னத் தலையை மாட்டினேன். ஒரு திருகு. காமிரா கீழே பார்த்தது. இறுக்கினேன். ஆணி அடித்த மாதிரி நின்றது. காற்று அடித்தது, அசையவில்லை. ஐயா, அதுதான் தலை!

செல்லபாய் கல்யாணப் புடவையை உடுத்திக்கொண்டு தபதபவென்று இறங்கி, அணைச் சுவரின் நடுவில் போய் நின்றாள்.

"ஏட்டி, கிட்ட வா! அங்க நின்னா எறும்பு மாதிரித் தெரிவ!"

"எறும்புன்னா எறும்பு! எனக்கு அணையும் வேணும்! பிடிங்க!"

பிடித்தேன். பிறகு அவளை மேலே வரச் சொல்லி ஓரமாக உட்கார வைத்துவிட்டு, மிச்ச பிளேட்டுகளில் ஆளில்லாத அணையை இப்படியும் அப்படியும் அற்புதமாகப் பிடித்தேன். எல்லாவற்றையும் கழுவி, அச்சுப் போட்டு, எஞ்சினியர் பங்களாவுக்குக் கொண்டுபோனேன். செல்லபாயின் படமும் அச்சுகளுக்கு இடையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை.

தங்கையன் எனக்கு முன்னமே தன் படங்களைக் கொடுத்திருந்தான். எஞ்சினியர் அவன் படத்தையும் என் படத்தையும் மேஜையில் பரப்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது என்ன, அணையா, மாட்டுத்தொட்டியா? எவ்வளவு உயரம் என்றே தெரியவில்லையே" என்றார். தங்கையன் படத்தைத்தான் சொல்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். அவர் விரல் என் படத்தின்மேல் இருந்தது. பிறகு கடைசிப் படத்தை எடுத்தவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆ! இது அணை! ஆள் இத்தனூண்டு, சுவர் எத்தனை பெரிது! இதுதான் எனக்கு வேண்டியது. இது யார் யோசனை?"

"அடியேன்தான் ஐயா," என்றேன் சற்றும் தயங்காமல். "அளவு தெரியட்டும் என்றே ஆளை நிறுத்தினேன்."

வீட்டுக்கு வந்து நடையில் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்து, இலாகாவே என் கைக்குள் வந்த கதையைச் செல்லபாயிடம் அளந்தேன். யோசனை என்னுடையது என்பதை இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவள் குமிழை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் எஞ்சினியர் ஆபீஸ் பியூன் மரியான் வாசலில் வந்து நின்றான். மதகு, பாலம், கால்வாய் எல்லாம் படம் பிடிக்க உத்தரவு என்றான். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, "நான் எப்ப வரணுமாம்?" என்றேன்.

மரியான் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"படம் பிடிக்க யாரு வந்தாலும் செரியாம். நிக்கதுக்கு அம்மா வரணுமாம்."